கால் அங்குலம்

டயர் ஒட்டும் கடைக்கு மேலே எங்கள் கூடம்.
விரிப்பின் கிழிசல்களைக் கறுப்பு டேப் பிடித்திருக்கிறது,
ஜனவரி வெக்கையில் அதுவும் விட்டுவிடும்.
மலைக்கு அந்தப்பக்கம், கடல் தெரிகிற குளிர் அறைகளில்
வெள்ளை அங்கிக்காரர்கள்
கழுத்தைப் பிடிப்பார்கள், கையைப் பிடிப்பார்கள்.
காலைப் பிடிக்கிறவர்களைக்
கஷியாஸ்காரர்கள் என்பார்கள்.
அதற்குமேல் வசை வேண்டியதில்லை.

அங்கி வாங்கக் காசில்லாதவர்கள்
எதைப் பிடிப்பது?
வியர்த்த உடம்பில் எல்லாம் வழுக்கும்.
குதிகால் வழுக்காது. அதற்கு ஒரு விளிம்பு இருக்கிறது.

காலைப் பிடிப்பது கெஞ்சுவது என்று
நின்றுகொண்டிருந்த எவனோதான் சொல்லியிருப்பான்.

ஜெனிவால்டோவின் வலது கால் அன்று என் மடியில் இருந்தது.
கூரை போடுகிறவன்.
பாதமெல்லாம் தகரச் சூடு ஏறி மரத்துப்போன தோல்.
கட்டைவிரல் நகம் பாதி கறுப்பு,
நவம்பரில் சுத்தியல் விழுந்தது.
என் முழங்கால்கள் இரண்டும் அவன் தொடையை நெரிக்க,
அவன் விரல்கள் என் அக்குளில் ஒளிந்துகொள்ள,
முழங்கை மடிப்பில் குதிகால்.
தூரத்திலிருந்து பார்த்தால்
பிள்ளையின் தலையைத் தாங்கியிருக்கிறேன் என்பார்கள்.

கை என்றால் முன்பே சொல்லிவிடும்,
வலிக்கிறது, வலிக்கிறது, இனிமேல் தாங்காது என்று.
கழுத்து கண்ணில் பூச்சி பறக்கவிடும்.
முழங்கால் ஒன்றும் சொல்லாது.
கடைசிவரை நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு
ஒரே ஒரு சத்தம்.

"தட்டு" என்றேன்.
"இன்னும் ஒன்றுமே இல்லையே, ஜுசாரா" என்று சிரித்தான்.
பொய்யில்லை. ஒன்றும் இல்லைதான்.
ஒன்றும் இல்லை என்பதற்கும்
ஒன்றும் மிச்சமில்லை என்பதற்கும் நடுவே
என் இடுப்பு திரும்பிய தூரம்
கால் அங்குலம் இருக்கும்.

சத்தம் கீழே கடையிலிருந்து வந்ததாகத்தான்
முதலில் எல்லோரும் நினைத்தோம்.
ஒருவன் ஜன்னல் வழியாக எட்டிக்கூடப் பார்த்தான்.

தட்டாதது அவன் தப்பு என்றார்கள்.
சட்டம் என் பக்கம்.
சட்டத்தைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு
எப்படித் தூங்குவது என்று யாரும் சொல்லவில்லை.
அவரைக்காய்ச் சட்டியோடு போனேன்.
லுசிமார் சட்டியை வாங்கிக்கொண்டாள்,
வாசலை விட்டு நகரவில்லை.
அவளுக்குப் பின்னால், அவன் பாதியில் விட்ட கூரைக்கு
மைத்துனன் ஏறி அடித்த தகரங்கள் கோணலாக நின்றன.
பிப்ரவரி முழுக்க மழை.

தெருவில், பஸ்ஸில், ஐஸ் தொழிற்சாலையில் கட்டி உடைக்கையில்
எனக்குள் ஒரே கணக்கு:
கொக்கி விழுந்துவிட்டது என்று எனக்குத் தெரியும்.
அவனுக்குத்தான் தெரியாது.
தெரிந்தவள் ஏன் காத்திருந்தேன்?

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை
படியேறி வந்தான், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து.
உடை மாற்றவில்லை. பேன்ட்டைச் சுருட்டினான்.
எதிரே உட்கார்ந்து
அந்தக் காலைத் தூக்கி என் மடியில் போட்டான்.
"பிடி."

எல்லோருக்கும் திடீரென்று தண்ணீர் தாகம்.

எடுத்தேன். நகம் முழுசாக வளர்ந்திருந்தது.
பாதம் மெத்தென்று இருந்தது,
எட்டு மாதமாகத் தகரம் மிதிக்காத பாதம்.
வடுவைப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

என் கை இன்னும் மூடவில்லை,
அதற்குள் என் தோளில் தட்டினான்.
ஒருமுறை. பிறகு இன்னொருமுறை,
திறந்திருக்கிற வீட்டின் கதவைத் தட்டுகிற மாதிரி.

விட்டேன்.

"மறுபடி" என்றான்.
நான் இடது காலை நோக்கிக் கை நீட்டினேன்.
"அது இல்லை" என்றான்.